மூன்று வோல்ட் ஞாபகம்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலர் என்றால் தாய்மை, நட்பு, நாளைய இந்தியா என்று எழுதுவதுதான் வழக்கம். அந்தத் தலைப்புகளை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு பாட்டரி. அதுவும் பெரிய பாட்டரி இல்லை. ஏறக்குறைய பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன், மூன்று வோல்ட். எங்கள் வீட்டுப் பிழைப்பும் எங்கள் தாத்தாவின் அறுபது வருஷத்து அறிவும் அந்த மூன்று வோல்ட்டை நம்பித்தான் இருந்தன என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள், பரவாயில்லை.

நான் கோவளம் குப்பத்துப் பையன். தினமும் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வந்து அங்கிருந்து கல்லூரிக்கு வருகிறேன். நான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் அப்பா கடலிலிருந்து திரும்பி வலையை உதறிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும். ஏலத்தில் எண் தெரியாதவன் ஏமாந்துபோவான் என்று தாத்தா மணலில் எழுதிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாராம். அந்த எண்ணறிவுதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். நான் வெறும் சால்டரிங் அயர்ன்.

எங்கள் பைபர் படகில் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது. காசிமேட்டில் ஒரு பழைய விசைப்படகைக் கழித்துக் கட்டியபோது, அதிலிருந்து கழற்றி விற்றதை அப்பா வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளைத் திரை, ரப்பர் பட்டன்கள், காளான் மாதிரி வெள்ளை ஆன்டெனா. படகில் வைத்திருக்கும் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஓடும்.

ஜி.பி.எஸ். பற்றி நம் துறையில் படித்திருப்போம். மற்ற துறை நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமிக்கு மேல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. முதல் கோள் 1978இல் போனது. 1995இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால், அவை வந்துசேர்ந்த நேரத்தைக் கணக்குப் போட்டுப் பெட்டி தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். நூறு மீட்டர் வரை இடம் தள்ளிக் காட்டும். ஊர் போய்ச் சேர அது போதும், தூண்டில் போடப் போதாது. அந்தப் பிழையை நிறுத்திய பிறகுதான் இந்தப் பெட்டி சின்ன மீனவனுக்கும் உண்மையாகப் பயன்பட்டது.

கோவளம் கரை ஏறக்குறைய வடக்கே 12 டிகிரி 47 மினிட், கிழக்கே 80 டிகிரி 15 மினிட். வடக்கு தெற்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். பெட்டி அந்த மினிட்டையும் ஆயிரமாகப் பிரித்துக் காட்டும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூட வராது. ஆனால் புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் ஒன்று மாறினால் 185 மீட்டர் போய்விடும். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டை எங்கள் பக்கம் பார் என்போம். சின்னப் பார் ஒன்று நம் கல்லூரி மைதானம் அளவுகூட இருக்காது. 185 மீட்டர் தள்ளி நின்று தூண்டில் போட்டால் வெறும் மணல்தான்.

இனி தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கட்டுமரக்காரர். பெட்டி, திரை எதுவும் இல்லாத காலத்து ஆள். கரையைப் பார்த்தே இடம் சொல்லுவார். மாதா கோயில் உச்சி ஒரு ஒற்றைப் பனைக்கு நேராக வரவேண்டும், அது ஒரு கோடு. தெற்கே மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கம் ஒரு சவுக்குத் தோப்பின் முனையைத் தொடவேண்டும், அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எத்தனை பாகம் என்று ஆழம் பார்ப்பார். கல் மேலே வரும்போது ஒட்டியிருப்பது சேறா, மணலா என்று விரலால் தடவிப் பார்ப்பார். சர்வே வகுப்பில் சிவில் நண்பர்கள் படிக்கும் கணக்கை அவர் சங்கிலியும் இல்லாமல், காகிதமும் இல்லாமல், ஆடுகிற மரத்தின் மேல் நின்று செய்தார்.

ஆனால் கரை அப்படியே இருக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக மனைகள் போட்டார்கள். தோப்பு போயிற்று, ஒற்றைப் பனை போயிற்று, அடையாளங்களை மறைத்து அடுக்குமாடிகள் எழுந்தன. தாத்தாவுக்கும் கண் மங்கிக்கொண்டு வந்தது. பெட்டி வந்த புதிதில் அப்பா ஒரு காரியம் செய்தார். தாத்தாவைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், அவர் நிற்கச் சொன்ன இடத்திலெல்லாம் நின்று பட்டனை அழுத்தினார். ஒரு தடவை அழுத்தினால் ஒரு பாயிண்ட். இரண்டு வருஷம் போல இப்படிப் போய்ப் போய் 143 பாயிண்ட் சேர்ந்தது. பெயர் போட அப்பாவுக்குத் தெரியாது, அதனால் எல்லாம் வெறும் எண்தான். 27 என்றால் என்ன, 84 என்றால் என்ன என்பது அப்பாவின் மனசில் இருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது தாத்தா இறந்துபோனார்.

போன வருஷம் ஆடி மாதம் திரையின் மூலையில் ஒரு சின்ன பாட்டரிப் படம் தோன்றியது. அப்பா அதைப் படகு பாட்டரி என்று நினைத்துச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். படம் போகவில்லை. பெட்டி கடிகாரத்தையும் மறக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு நிமிஷத்தில் இடம் பிடித்த பெட்டி, இப்போது கால் மணி நேரம் விழித்துக்கொண்டு நின்றது.

இதன் காரணம் நமக்குத் தெரியவேண்டும். எந்தக் கோள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற பஞ்சாங்கம் ஒன்றை ஜி.பி.எஸ். பெட்டி மனசில் வைத்திருக்கும். அது மறந்துபோனால் கோளிலிருந்தே மறுபடி வாங்கவேண்டும். கோள் அனுப்பும் வேகம் விநாடிக்கு வெறும் 50 பிட். முழுப் பஞ்சாங்கமும் வந்துசேர பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். நம் செல்போன் இதை இணையத்திலிருந்து நொடியில் வாங்கிக்கொள்கிறது, அதனால் நமக்குத் தெரிவதில்லை. கடலில் அந்த வசதி ஏது? ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை நிமிஷம் பஞ்சாங்கம் படிக்கிற பெட்டி என்றால், அது ஞாபகசக்தியை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த மாதிரிப் பழைய பெட்டிகளில் பஞ்சாங்கம், கடிகாரம், பாயிண்ட் எல்லாமே மின்சாரம் இருந்தால்தான் நிற்கும் மெமரியில் இருக்கும். படகு பாட்டரியைக் கழற்றிய பிறகு அந்த மெமரிக்கு உயிர் கொடுப்பது உள்ளே சால்டர் செய்து வைத்த ஒரு நாணய பாட்டரி. புதிய கருவிகள் பலவற்றில் பாயிண்ட்டுகள் பிளாஷ் மெமரியில் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. எங்கள் பெட்டி பழசு.

ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். எந்தக் கடை என்பது வேண்டாம்.

"மாடல் பழசுப்பா. போர்டு கிடைக்காது. புதுசு வாங்கிக்குங்க."

"உள்ள இருக்குற பாயிண்ட்டு?" என்றார் அப்பா.

"அதெல்லாம் போனது போனதுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பேசவே இல்லை. கேளம்பாக்கம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொட்டி போனா போவுதுடா. கடன் வாங்கியாவது இன்னொண்ணு வாங்கிக்கலாம். எங்கப்பன் காட்டுன எடம் போவக்கூடாது. அவர எங்க போயி கேக்கறது?"

மறுநாள் எங்கள் லேப் அசிஸ்டென்ட் சாரிடம் கேட்டேன். அவர் படம் போட்டு விளக்கினார். மெமரிக்குத் தேவையான மின்னோட்டம் மிகக் குறைவு. பத்து மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சி.ஆர். 2450 என்ற பாட்டரியின் கொள்ளளவு சுமார் 600 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பார்த்தால் 60,000 மணி நேரம், அதாவது ஏழு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். "உங்க பொட்டி அதோட ஆயுச முழுசா வாழ்ந்துடுச்சுப்பா. இது ரிப்பேர் கிடையாது, வயசு" என்றார்.

மாற்றும்போது பாயிண்ட் போகாமல் இருக்க வேறு பாட்டரி ஒன்றைப் பக்கத்தில் இணைத்து வைக்கலாமா என்று கேட்டேன். "செய்றவங்க இருக்காங்க. ஆனா பழைய செல்லுக்குள்ள கரண்ட் தள்ளிடுச்சுன்னா ஆபத்து. சார்ஜ் பண்ணக்கூடாத செல் அது. கம்பி நழுவினாலும் மெமரி போச்சு. அதனால மெமரி போயிடும்னே நெனச்சுக்க. மொதல்ல அத்தனையும் பேப்பர்ல எழுதிக்க. எழுதி முடிக்கிற வரைக்கும் படகு பாட்டரியக் கழட்டாத" என்றார். மூன்று வருஷ டிப்ளமோவில் நான் கேட்ட மிகச் சிறந்த ஆலோசனை இதுதான் என்றால் மிகையாகாது.

ஆனால் வீட்டில் ஒரு சிக்கல். மீனவனுக்குப் பாயிண்ட் என்பது பெட்டிக்குள் பூட்டிய நகை மாதிரி. அண்ணன் தம்பிக்குள்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "காயிதத்துல எழுதினா ஊருக்கே தெரிஞ்சுபூடும்" என்று அப்பா பிடிவாதமாக மறுத்துவிட்டார். இரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் அம்மாதான் கேட்டார்: "புள்ளைய நம்பித்தான படிக்க வெச்ச? அவன் கையில இருக்குற நோட்ட நம்ப மாட்டியா?" அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பெட்டியையும் பாட்டரியையும் இணைப்புக் கழலாமல் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு நடுவில் வைத்தார்.

அன்று இரவு அப்பா படித்தார், நான் எழுதினேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. எழுத்து தெரியாத அப்பா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பன்னெண்டு... நாப்பத்தாறு... புள்ளி... எட்டு, ரெண்டு, அஞ்சு" என்று ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, நான் ரெகார்டு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். (சும்மா ஓர் உதாரணத்துக்குச் சொன்னேன். உண்மையான எண்ணை மலரில் போட்டால் அப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்!) எழுதி முடித்ததும் நான் நோட்டைப் பார்த்துப் படிக்க, அவர் திரையைப் பார்த்துச் சரி சொன்னார்.

எண்ணும் இடமும் எழுதினால் போதும் என்றுதான் நான் இரண்டு கட்டம் போட்டிருந்தேன். ஆனால் ஒவ்வோர் எண் வரும்போதும் அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார். "இருவத்தேழு, கல்லுப் பாரு. சங்கரா வரும். தூண்டில் மட்டும்தான், வலை போட்டா கிழிஞ்சுபூடும்." "நாப்பது, இங்க வாடைக்காத்துல நிக்க முடியாது." "அறுவத்தொண்ணு, இதுல மீனே கெடையாது. முழுவிப்போன படகு கெடக்குது. போவக்கூடாத எடம்னு எழுதிக்க." அப்போதுதான் மூன்றாவது கட்டம் ஒன்று போட்டேன். பாயிண்ட் என்றால் மீன் கிடைக்கும் இடம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகக்கூடாத இடத்தையும் தாத்தா குறித்து வைத்திருக்கிறார்.

112 வந்தது. அப்பா நிறுத்திவிட்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குன்னு எனக்கே தெரியாதுடா. உங்க தாத்தா அழுத்துன்னாரு, அழுத்துனேன். அப்பறம் கேக்கலாம்னு இருந்தேன். கேக்கல."

நோட்டில் 112க்கு நேரே எண் இருக்கிறது, இடம் இருக்கிறது, மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. தோழர்களே, அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பாட்டரி காப்பாற்றியது இரண்டு கட்டத்தைத்தான். பெட்டியை எவ்வளவு நன்றாக ரிப்பேர் செய்தாலும் மூன்றாவது கட்டம் அதற்குள் இல்லை. அது ஆளிடம் இருந்தது. ஆளைக் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் ஆள் இருக்கும்போதே கேட்டால்தான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். நாணய பாட்டரியின் பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது. சி என்றால் லித்தியம் மாங்கனீசு டை ஆக்சைடு வகை, ஆர் என்றால் வட்டம், 24 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 50 என்றால் 5.0 மில்லிமீட்டர் தடிமன். இதில் நீங்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சில கருவிகளில் சார்ஜ் ஆகும் நாணய பாட்டரி இருக்கும். அதன் மேல் எம்.எல். அல்லது வி.எல். என்று தொடங்கும் பெயர் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். சார்ஜ் செய்யும் சர்க்யூட்டில் சி.ஆர். செல்லை வைத்துவிட்டால் அது சூடாகி வீங்கும், வெடிக்கவும் கூடும். ஆகையால் பழைய செல்லின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்க்காமல் புதுசு வாங்கவே கூடாது. எங்கள் பெட்டியை முன்பே திறந்து பார்த்திருந்தேன். சி.ஆர். என்று தெளிவாக இருந்தது.

இன்னொன்று, கால் வைத்த செல்லாகக் கேட்டு வாங்கவேண்டும். இரண்டு பக்கமும் உலோகத் தகடு வெல்டு செய்து வரும். சாதாரணச் செல்லின் உடம்பிலேயே சால்டரிங் அயர்னை வைத்தால் உள்ளே இருக்கும் லித்தியத்துக்குச் சூடு ஏறிவிடும். கடைக்காரர் முதலில் சாதாரணச் செல்லைத்தான் எடுத்து நீட்டினார். கால் வைத்ததுதான் வேண்டும் என்றதும், "காலேஜா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்டு வாங்க ஒரு வார்த்தை தெரிந்திருப்பதும் படிப்புதான்.

அனுமதி வாங்கி, மாலையில் லேபில் வேலையை ஆரம்பித்தோம். சார் பக்கத்தில் நின்றார். அப்பாவும் வந்திருந்தார். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, நம் லேபின் ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்திருந்தார். "தாராளமா உக்காருங்க" என்று சார் சொன்ன பிறகும் நுனியில்தான்.

பின்பக்கம் ஆறு ஸ்குரூ. அதில் இரண்டு துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் திருகினேன். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறது, தண்ணீரைத் தடுப்பது அதுதான். அதைக் கத்தியால் நெம்பக்கூடாது. ஆன்டெனா இணைப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷைத் தோய்த்துத் துடைத்தேன். கையில் எர்த் பட்டை மாட்டிக்கொண்டேன். பழைய செல்லை மல்டிமீட்டரில் பார்த்தால் 2.3 வோல்ட். புதுசு 3.2. எந்தப் பக்கம் பிளஸ் என்று போர்டில் குறியிருந்தாலும் ஒரு தாளில் படம் வரைந்துகொண்டேன். டீசால்டரிங் பம்ப்பால் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுச் செல்லைக் கழற்றினேன். புதுசை வைத்து, ஒவ்வொரு காலுக்கும் மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டாமல் ஒட்டினேன். ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவி, ஸ்குரூவை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி மூடினேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம். பழைய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எடுத்து வைத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் அலட்சியம் கூடாது. நாணய பாட்டரியை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயை அரித்துவிடும். உயிருக்கே ஆபத்து.

மின்சாரம் கொடுத்தோம். திரை எரிந்தது. பாட்டரிப் படம் இல்லை. பாயிண்ட் பட்டியல் சுத்தமாகக் காலி! எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் என் பையைக் காட்டி, "நோட்டு இருக்குதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. கரையில் ஆன்டெனாவுக்கு வானம் தெரியும்படி வைத்து, பெட்டி பஞ்சாங்கம் படித்து முடிக்கும் வரை காத்திருந்தோம். இடம் சரியாக வந்தது. தேதி மட்டும் ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் காட்டியது! அப்பா பயந்துவிட்டார். இது பாட்டரியின் குற்றம் இல்லை. ஜி.பி.எஸ். கோள் வாரத்தை எண்ணிச் சொல்லப் பழைய சிக்னலில் பத்து பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 1999 ஆகஸ்ட் 22இலும் 2019 ஏப்ரல் 7இலும் அப்படிப் போயிற்று. பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு இது புரியாமல் 1024 வாரம் முந்தைய தேதியைக் காட்டும். இடம் காட்டுவதில் பிழை வராது. "வயசானவங்க பழைய காலத்துலயே இருப்பாங்கல்ல, அந்த மாதிரி" என்று அப்பாவுக்குச் சொன்னேன். சிரித்தார்.

பிறகு 143 பாயிண்ட்டையும் பட்டனை அழுத்தி அழுத்தி ஏற்றினோம். நான் படிக்க, அப்பா அழுத்த, அம்மா நோட்டில் முடிந்ததற்கு நேரே கோடு போட. எண் 1 என்பது எங்கள் கரையில் படகு ஏற்றும் இடம். அங்கேயே நின்று பெட்டி காட்டுவதையும் நோட்டில் இருப்பதையும் ஒப்பிட்டோம். நாலைந்து மீட்டர் வித்தியாசம்தான். திங்கள் விடியற்காலை அப்பா கடலுக்குப் போனார். நான் கல்லூரிக்கு வந்துவிட்டேன். அன்று எனக்கு ஒரு வகுப்பும் மண்டையில் ஏறவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனதும், "இருவத்தேழுல நின்னேன்" என்றார். அடுப்பில் சங்கரா கொதித்துக்கொண்டிருந்தது.

நண்பர்களே, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1993இல் தொடங்கியது. வங்கக் கடலில் மிதவைகளை நிறுத்திக் காற்றையும் அலையையும் அளப்பவர்கள் அவர்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து, இன்ன கரையிலிருந்து இத்தனை கிலோமீட்டரில், இன்ன இடத்தில் மீன் சேர வாய்ப்பு உண்டு என்று மீனவர்களுக்கு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பும் டிகிரி, மினிட் கணக்கில்தான் வருகிறது. எவ்வளவு பெரிய விஞ்ஞானமும் கடைசியில் ஒரு படகின் சின்னத் திரையில் வந்துதான் நிற்கவேண்டும். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு நாணய பாட்டரி இருக்கிறது. அதை மாற்றத் தெரிந்த ஆள் குப்பத்துக்கு ஒருவர் வேண்டும். நம் டிப்ளமோவுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. இதற்குள் பக்கத்துப் படகுக்காரர்கள் மூன்று பேர் தங்கள் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். மூவரிடமும் நான் சொன்ன முதல் வார்த்தை, "நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. எழுதறது நீங்களே ஆள் வெச்சு எழுதிக்குங்க, எனக்குக் காட்ட வேணாம்!"

நம் வகுப்பில் குன்றத்தூரில் தறி நெய்பவரின் மகள் இருக்கிறார். திரிசூலம் கல்குவாரியில் உழைத்தவரின் பேரன் இருக்கிறார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவரின் மகன் இருக்கிறார். நாமெல்லாம் வீட்டில் முதலில் படித்தவர்கள். படிக்காத நம் பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்று ஊரும் சொல்கிறது, சில நேரம் அவர்களே சொல்கிறார்கள். அவர்களிடம் 143 பாயிண்ட் இருக்கிறது. எழுதத் தெரிந்தது நமக்குத்தான். இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மூன்று கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டத்தை முதலில் கேளுங்கள்.

112க்கு நேரே எங்கள் நோட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கப்போகிறோம். சேறா, மணலா, பாரா என்று தெரிந்தால் அடுத்த மலரில் ஜூனியர் யாரையாவது விட்டு எழுதச் சொல்கிறேன். இடத்தை மட்டும் கேட்காதீர்கள்!